ரேகை விழாத பெருவிரல்

குருணை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பன்னிரண்டு வயதில் முந்திரி ஆலைக்குள் நுழைந்தபோது, "சுத்தியலை இவ தூக்குவாளா, சுத்தியல் இவளைத் தூக்குமா?" என்று மேஸ்திரி சிரித்தார். பதினேழு வயதில், கொட்டை உடைக்கும் கூடத்தில் அவள் கைக்கு ஈடான கை கிடையாது. கையுறை கேட்டவர்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே நிறுத்திய நிர்வாகத்தை, நாலு வருடம் விடாமல் கேட்டுக் கேட்டே கையுறை வாங்க வைத்தாள். போட்டால் வேகம் குறைகிறதென்று பாதிப் பேர் அதைப் போடவில்லை, அவளும் போடவில்லை, அது வேறு கதை. ஐந்து வயதைத் தாண்டாது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிள்ளையை ஒன்பது வயதுக்குக் கொண்டுவந்தாள். ஒன்பது நாள் காவலில் வைத்துக் கேட்டும், பிள்ளைக்கு அவள் கொடுத்த மருந்தையே வாங்கிய மற்ற ஆறு தாய்மாரில் ஒருத்தி பெயரைக்கூட அவள் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. கடைசியாக, படித்தவர்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்த குழுவின் முன்னால் நின்று பேசி, நாற்பது வருடமாக அசையாத ஒரு சட்டத்தை இரண்டு படி நகர்த்தினாள். அந்தக் குழுவின் அறிக்கை நூற்று நாற்பத்திரண்டு பக்கம். எண்பத்தெட்டாம் பக்கமும் எண்பத்தொன்பதாம் பக்கமும் அவள். பெயர் போடவில்லை, 'ஒரு தாய்' என்றுதான் அச்சாகியிருக்கிறது. அந்த ஒரு தாய் இவள்தான்.

முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கும் மேசையில், உடையாமல் வந்தது முழுசு, இரண்டாகப் பிளந்தது பாதி, நொறுங்கியது குருணை. அக்கா ஓங்குதாங்கான ஆள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் அந்த மேசையில் எண்ணிக்கை எழுதும் வேலை அவளுக்கு. தங்கை எலும்பும் தோலுமாக, உடைக்கும் கூடத்தில். "அக்கா முழுசு, தங்கச்சி குருணை" என்று எவளோ ஒருத்தி சொல்லிவைத்தாள். முழுசு என்று அக்காவை முகத்துக்கு நேரே கூப்பிட ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை. குருணை நிலைத்துவிட்டது.

முந்திரி ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. நெருப்பாவது தொட்டால்தான் சுடும், இது கழுவிய பிறகும் சுடும். பெண்கள் விளக்கெண்ணெயையும் சாம்பலையும் கையில் பூசிக்கொண்டுதான் கொட்டையைத் தொடுவார்கள். அப்படியும் விரல்நுனி கறுத்து, கொப்பளித்து, உரிந்து, கடைசியில் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். குருணையின் பெருவிரலில் ரேகை என்று ஒரு கோடு இல்லை.

"கொள்ளையடிக்கப் போலாம்டி, ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்" என்பாள் பக்கத்துப் பலகைக்காரி.

"நீ போ. உனக்குப் பூட்டை உடைக்கவும் தெரியும், இங்க கொட்டை உடைக்கத்தான் தெரியலை" என்பாள் குருணை.

ஆலைப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. பன்னிரண்டு நாள் ஓட்டைத் தொடாமல் இருந்தால் புதுத் தோல் முளைக்கும், ரேகையும் கூடவே வரும். பிரசவத்துக்கு லீவு போட்டவர்கள் திரும்பி வரும்போது விரலைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார்கள். இதை இங்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

குருணையின் மகளுக்கு ஆறாவது மாதம் முதல் வலிப்பு வந்தது. ஆலைக்காரர்கள் ஃபிட்ஸ் என்பார்கள். ஒரு வயதுக்குள் மூன்று மாத்திரை, இரண்டு வயதில் ஐந்து மாத்திரை. மாத்திரை கூடக் கூடப் பிள்ளை தூங்கியதே தவிர ஃபிட்ஸ் தூங்கவில்லை. "எங்க வம்சத்துல இது கிடையாது" என்றான் கட்டியவன். அவன் வம்சத்தில் பெண்டாட்டியை விட்டு ஓடுவது இருந்திருக்கும் போல. ஓடிவிட்டான். அக்கா தன் வீட்டுப் பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். அம்மா வேலைக்குப் போனால் பெரியம்மா, பெரியம்மா போனால் அம்மா என்று முறை வைத்துப் பிள்ளையைப் பார்த்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். முதல் நாளே எரிந்து விழுந்தார்.

"மாசத்துக்கு எத்தனை தரம் வருது?"

"நெறைய தரம் மேடம்."

"நெறையன்னா எனக்கு எப்படிம்மா புரியும்? எழுதிட்டு வா. இல்லைன்னா வராதே."

எழுதத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று தகர டப்பாக்களை வரிசையாக வைத்தாள். உடம்பு முழுக்க விறைத்து, உதடு நீலம் பாரித்தால் முழுசு டப்பாவில் ஒரு முந்திரி ஓடு. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பாதி டப்பாவில் ஒன்று. கண் மட்டும் எங்கோ நிலைகுத்தி, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால் குருணை டப்பாவில் ஒன்று. எவ்வளவு நேரம் வந்தது என்பதற்கு அவளிடம் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை. பிள்ளை விறைத்தவுடன் இவள் விரல் தானாகத் தொடையில் தட்ட ஆரம்பிக்கும், ஆலையில் கொட்டைக்கு ஒரு அடி வைப்பதைப் போல. முப்பது கொட்டை நேரம், ஐம்பது கொட்டை நேரம் என்று கணக்கு. மாதக் கடைசியில் ஒவ்வொரு டப்பாவையும் ஒரு துணிப்பையில் கொட்டிக் கட்டுவாள். அக்கா எண்ணி, சீட்டில் எழுதிப் பைக்குள் போடுவாள்.

மூன்று பைகளையும் மேசைமேல் வைத்தபோது டாக்டரம்மா ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சீட்டைப் படித்தார். பிறகு, "உக்காரும்மா" என்றார். அதற்கு முன்னால் அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

பிள்ளைக்கு ஏழு வயதானபோது ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"கஞ்சாச் செடியிலேர்ந்து ஒரு எண்ணெய் எடுக்கறாங்க. இந்த மாதிரி ஃபிட்ஸுக்கு சில பிள்ளைகளுக்கு நல்லா கேக்குது. எல்லாருக்கும் கேக்காது. ஈரலைப் பாத்துக்கணும், அளவைப் பாத்துக்கணும். ஆனா என்னால எழுதித் தர முடியாது."

"ஏன் மேடம்?"

"சட்டத்துல அது முதல் பட்டியல்ல இருக்கு. முதல் பட்டியல்னா, மருத்துவப் பயன் ஒண்ணுமே இல்லை, விஷம் மட்டும்தான்னு அர்த்தம். புற்றுநோய்க்காரங்களுக்குக் கொடுக்கற மார்ஃபின் ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, அதை நான் எழுதலாம். இதை எழுதினா என் படிப்பைப் பிடுங்கிடுவாங்க."

"மார்ஃபினைவிட இது மோசமா?"

"இல்லை. ஆராய்ச்சி போதாதுன்னு முதல் பட்டியல்ல வச்சிருக்காங்க. முதல் பட்டியல்ல இருக்கறதால ஆராய்ச்சி பண்ண விடமாட்டேங்கறாங்க."

"நீச்சல் கத்துக்கிட்டு வா, அப்பறம் தண்ணியில இறங்கலாங்கற மாதிரியா?"

"அதேதான்." டாக்டரம்மா கதவைத் திறந்தார். "நான் ஒண்ணும் சொல்லலை. நீ ஒண்ணும் கேக்கலை."

கேட்ட காது சும்மா இருக்குமா. ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர், மனைவியின் புற்றுநோய் வலிக்காக அந்த எண்ணெயைக் காய்ச்சக் கற்றுக்கொண்டு, அவள் போன பிறகும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக விடாமல் காய்ச்சிக்கொண்டிருந்தார். காலையில் இரண்டு சொட்டு, மாலையில் இரண்டு சொட்டு, நாக்குக்கு அடியில். டாக்டரம்மா எதையும் கேட்காமல், மாதாமாதம் ஈரலுக்கு மட்டும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

எண்ணெய்க்கு முந்தின மாதப் பைகளில் முழுசு அறுபத்து மூன்று, பாதி நூற்றுப் பத்து. எண்ணெய் தொடங்கிய மூன்றாவது மாதம் முழுசு ஏழு, பாதி பத்தொன்பது. அக்கா மூன்று தரம் எண்ணினாள். ஓடு எங்காவது உருண்டுபோயிருக்குமோ என்று கட்டிலுக்கு அடியில் பெருக்கியும் பார்த்தாள். உருளவில்லை. வரவே இல்லை.

அந்த வருடம்தான் பிள்ளை பேசியது. முதலில் 'ம்மா'. பிறகு 'பெய்யம்மா'. பிறகு தா, போ, பூனை, தண்ணி, சூடு, இல்ல. ஒன்பதாவது வார்த்தை 'நானு'. யார் சோறு கொட்டினது என்று கேட்டதற்கு, நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "நானு" என்றது. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்காக ஒரு பிள்ளையை இரண்டு பெண்கள் இப்படிக் கட்டிப்பிடித்து அழுதது அந்தத் தெருவிலேயே அதுதான் முதல் தரம்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இவள் ஒரு முழம் ஏறியிருந்தாள், ஆகவே சறுக்கலும் பெரிதாக வந்தது. கம்பவுண்டரைப் பிடித்தார்கள். அவருடைய நோட்டில் பெயர்கள் இல்லை, ஒரே ஒரு முகவரி மட்டும் பின்னட்டையில் கிறுக்கியிருந்தது, அது அக்கா வீட்டு முகவரி. இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் மத்தியானம் வந்தார்கள். அடுக்களை அலமாரியில் முக்கால் பாட்டில் எண்ணெய் இருந்தது. குருணை ஒளித்து வைத்திருக்கவில்லை. மருந்தை யார் ஒளித்து வைப்பார்கள்?

ஸ்டேஷனில் மையைத் தடவி, பெருவிரலைக் காகிதத்தில் உருட்டினார்கள். கறுப்புத் திட்டு விழுந்தது. இன்னொரு தரம் உருட்டினார்கள். இன்னொரு திட்டு.

"ரேகை எங்கடி?"

"ஆலையில போச்சு சார்."

"எந்த ஆலையில? கஞ்சா ஆலையிலயா?" இன்ஸ்பெக்டர் அவள் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பாருங்கய்யா, பத்து விரலையும் ஆசிட்ல முக்கி எடுத்திருக்கா. நாம என்னமோ அப்பாவின்னு நெனச்சோம். பழம் தின்னு கொட்டை போட்டவ."

"கொட்டை உடைச்சவ சார்" என்றாள் குருணை. அதற்கு ஒரு அறை விழுந்தது.

'அடையாளம் தெரியாமலிருக்கத் தன் ரேகைகளைத் திட்டமிட்டு அழித்துக்கொண்டவர்' என்று அறிக்கையில் எழுதினார்கள். அந்த ஒரு வரியால் அன்றே கிடைத்திருக்க வேண்டிய ஜாமீன் ஒன்பது நாள் தள்ளிப்போயிற்று. ஆலைச் சங்கத்து வக்கீல், உடைக்கும் கூடத்திலிருந்து பதினான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், நீதிபதி முன்னால் வரிசையாகக் கையை நீட்டச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

அந்த ஒன்பது நாளில் மூன்றாம் நாள், அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். வழியிலேயே இரண்டு தரம் விறைத்துவிட்டது.

"ஐயா, பாட்டில் உங்ககிட்டயே இருக்கட்டும். முத்திரையை உடைச்சு, உங்க கண்ணெதிர்லயே ரெண்டே ரெண்டு சொட்டு விட்டுட்டுத் திருப்பி வச்சிடுங்க."

"சாட்சிப் பொருள்ல கை வைக்கச் சொல்றியா? உள்ள ஒருத்தி இருக்கா, நீயும் துணைக்கு இருக்கியா?"

"பிள்ளையைப் பாருங்கய்யா."

"இது போலீஸ் ஸ்டேஷன்மா. பால்வாடி இல்லை."

பாட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில்தான் இருந்தது. அரக்கு முத்திரை போட்டு, சீட்டு ஒட்டி, அழகாக வைத்திருந்தார்கள்.

குருணை வெளியே வந்தபோது பிள்ளையிடம் ஆறு வார்த்தைகள் இருந்தன. பூனை போய்விட்டது, தண்ணி போய்விட்டது. 'நானு' போய்விட்டது. அடுத்த மாதம் ஐந்து. கம்பவுண்டர் சிறையில், வேறு எங்கும் எண்ணெய் இல்லை. டாக்டரம்மா மாத்திரைகளைக் கூட்டினார், மாற்றினார், பிறகு ஒரு நாள் குருணையைப் பார்த்துச் சொன்னார்:

"பட்டியலை மாத்தலாமான்னு பாக்க ஒரு குழு போட்டிருக்காங்க. வெளிநாட்டு ஆராய்ச்சியெல்லாம் நான் கொடுத்துட்டேன். 'நம்ம பிள்ளைங்ககிட்ட யார் பாத்தா'ன்னு கேக்கறாங்க. நீதான் பாத்திருக்கே. வரியா? உன்மேல வழக்கு இருக்கு. அதை வச்சுக் குதறுவாங்க."

"மருந்து கிடைக்குமா?"

"மாத்தினா, நானே எழுதித் தருவேன்."

"குதறட்டும்" என்றாள் குருணை.

நீளமான அறை, நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு வலப்புறம் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், இடப்புறம் மருந்தியல் பேராசிரியர் அம்மாள். குருணையும் அக்காவும் இருபத்தேழு மாதத்துப் பைகளை இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பிள்ளை அக்கா மடியில்.

"என்ன இது, முந்திரி வியாபாரமா?" என்றார் போலீஸ் அதிகாரி. மேசையைச் சுற்றிச் சிரிப்பு போய்த் திரும்பி வந்தது.

பேராசிரியர் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கேள்வி சிரிப்பைவிடக் கூர்மையாக இருந்தது. "ஒரு பெரிய ஃபிட்ஸ் எவ்வளவு நேரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கடிகாரம் கிடையாதுங்கறீங்க. உத்தேசமா சொன்னா நாங்க எடுத்துக்க முடியாது."

"முப்பது கொட்டை நேரம்னா முப்பது கொட்டை நேரம்தான் மேடம். கூடாது, குறையாது."

"நிரூபிங்க."

குருணை விரலை மடக்கி மேசையில் தட்டினாள். டக், டக், டக். பேராசிரியர் அம்மாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டார். முப்பதாவது தட்டில் அவள் நிறுத்தினாள். தொண்ணூறு விநாடி. "இன்னொரு தரம்." தொண்ணூறு. மூன்றாம் தரம் நடுவில் போலீஸ் அதிகாரி வேண்டுமென்றே இருமி, நாற்காலியை இழுத்து, அவளிடம் பெயர் ஊர் என்னவென்று கேட்டார். அவள் பதில் சொல்லிக்கொண்டே தட்டினாள். தொண்ணூற்றொன்று. "அந்த ஒரு விநாடி சார் கேட்ட கேள்விக்கு" என்றாள்.

இப்போது வேறு விதமான சிரிப்பு வந்தது. அதிகாரிக்கு முகம் சிவந்தது.

"சரிம்மா, கெட்டிக்காரிதான். குழந்தை வளர்ந்துச்சு, வளர வளரத் தானா குறைஞ்சிருக்கும். எண்ணெய்தான் காரணம்னு எப்படிச் சொல்றே?"

"நீங்க எடுத்துட்டுப் போனதாலதான் சார் சொல்றேன்."

"என்ன?"

அவள் சாக்கிலிருந்து இரண்டு பைகளை எடுத்து வைத்தாள். "இது போலீஸ் வர்றதுக்கு முந்தின மாசத்து முழுசு. ஆறு ஓடு. இது வந்த மாசத்து முழுசு. எழுபத்தொண்ணு. வளர்றதால குறையும்னா, ஒரே மாசத்துல என் பிள்ளை திரும்பிச் சின்னதாவா போச்சு? எனக்கு ஆராய்ச்சி பண்ணத் தெரியாது. நிறுத்திப் பாக்கற மனசும் எந்தத் தாய்க்கும் வராது. உங்க ஆளுங்கதான் நிறுத்திப் பாத்தாங்க. அவங்கதான் சார் சாட்சி."

மடியிலிருந்த பிள்ளை போலீஸ் அதிகாரியைப் பார்த்துத் தெளிவாக, "போ" என்றது.

"பாத்தீங்களா, பேசுது, நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர்.

"ஒன்பது வார்த்தை இருந்துச்சு சார். இப்ப நாலு. உங்களுக்கு ஒண்ணு செலவு பண்ணியிருக்கா."

வெளியே வந்ததும் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா பைகளை எண்ணிச் சாக்கில் போட்டாள். குறையவில்லை, கூடவுமில்லை. தங்கச்சியைப் பார்த்து, "மேசைல அவ்வளவு ஓங்கித் தட்டணுமா, சத்தமில்லாம தட்டினா என்ன?" என்றாள். பெருமை தாங்காமல் போனால் அக்காவுக்கு இப்படித்தான் ஏதாவது வரும்.

அறிக்கை வர ஐந்து மாதம், அது சட்டமாக இரண்டு மாதம். கஞ்சா எண்ணெய் முதல் பட்டியலிலிருந்து மூன்றாம் பட்டியலுக்கு வந்தது. டாக்டர் எழுதலாம், ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் மட்டும் கிடைக்கும், வாங்குபவரைப் பதிவு செய்ய வேண்டும். குருணையின் வழக்கு மட்டும் அப்படியே நின்றது. குற்றம் நடந்த தேதியில் சட்டம் எப்படி இருந்ததோ அப்படித்தான் விசாரிப்போம் என்றார்கள். "அது கிடக்கட்டும், மருந்து வந்துடுச்சுல்ல" என்றாள் அவள். அப்போது பிள்ளையிடம் இரண்டு வார்த்தைகள் இருந்தன. ம்மா, போ.

மார்ச் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, டாக்டரம்மாவின் சீட்டோடு கவுன்ட்டருக்குப் போனார்கள். முதல் ஆளாக. கவுன்ட்டர்க்காரர் அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ரேகை இயந்திரத்தை நகர்த்தினார். அவள் பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தாள். சிவப்பு. மற்ற விரல்கள். சிவப்பு, சிவப்பு.

"ரேகை விழலையேம்மா. கையெழுத்துப் போடுவீங்களா? மூணு தரம் போடணும், மூணும் ஒரே மாதிரி இருக்கணும். கோணல்மாணலா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. கஞ்சா பாருங்க, ரொம்பக் கறாரு."

"அக்கா போடுவா சார்."

"பெத்தவங்கதான் போடணும்."

"அவங்க அப்பன் ஓடிட்டான்."

"அப்ப நீங்கதான்."

டாக்டரம்மா இறங்கி வந்து சத்தம் போட்டார். கவுன்ட்டர்க்காரர் விதிமுறைத் தாளைக் காட்டினார். அதில் அவர் சொன்னதுதான் இருந்தது.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அக்கா கணக்குப் போட்டாள். எதையும் எண்ணாமல் செய்யாதவள். "இத்தனை வயசுல பென்சில் பிடிச்சதில்ல நீ. உன் நிஜப் பேர்ல நாலு எழுத்து. மூணு தரம் ஒரே மாதிரி வரணும்னா ஒரு மாசமாவது ஆகும். தோல் முளைக்கப் பன்னெண்டே நாள். நாளையிலேர்ந்து ஆலைக்குப் போகாத. ஓட்டைத் தொடாத. விளக்கெண்ணெய் மட்டும் தடவு. எழுத்தைவிடத் தோல் முந்திக்கும்."

"சரிக்கா" என்றாள் குருணை. அக்கா கணக்குத் தப்பியதை அவள் பார்த்ததே இல்லை. உடைக்கும் கூடத்தில் கேட்டிருந்தால் எல்லாப் பெண்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். சொன்னார்கள். பக்கத்துப் பலகைக்காரி ஒரு சீசா விளக்கெண்ணெய் கொடுத்தனுப்பினாள்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளையின் துணி துவைப்பதும் அக்கா, பாத்திரம் தேய்ப்பதும் அக்கா, டப்பாவில் ஓடு போடுவதும் அக்கா. ஐந்தாம் நாள் கறுப்புத் தோல் உரிந்தது. எட்டாம் நாள் உள்ளே ரோஜா நிறம். ஒன்பதாம் நாள் ஜன்னலடியில் நின்று பார்த்தபோது, எறும்பு போன தடம் மாதிரி மெல்லிய கோடுகள். "வருதுக்கா" என்றாள்.

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தபோது விறைத்தது. குருணையின் விரல் தொடையில் தட்ட ஆரம்பித்தது. முப்பது. ஐம்பது. நூறு. நூற்றைம்பதில் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டு ஃபிட்ஸை நிறுத்தியபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றாம் மாடி. மருந்துக் கவுன்ட்டர் தரைத்தளம். எண்ணெய் அங்கே குளிர்பெட்டியில் இருந்தது.

"கீழ போய்க் கேளுங்க மேடம், ரெண்டு சொட்டு" என்றாள் அக்கா, ஸ்டேஷனில் கேட்ட அதே குரலில். டாக்டரம்மா கேட்டார். பதிவில்லாத நோயாளிக்குக் கொடுத்தால் கவுன்ட்டர்க்காரர் கம்பி எண்ண வேண்டியதுதான். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ரேகை தெளிவாக விழுந்திருந்தது. கவுன்ட்டர்க்காரருக்கே சந்தோஷம். பிறகு திரையைப் பார்த்தவர் முகம் மாறிற்று.

"அடையாள அட்டையில இருக்கற ரேகையோட ஒத்துப்போகலைம்மா."

அட்டைக்கு ரேகை எடுத்த வருடம் அவள் விரல் பாதி தேய்ந்து, நடுவில் நீளமாக ஒரு கொப்புளத் தழும்போடு இருந்தது. இயந்திரம் அந்தத் தழும்பைத்தான் ரேகை என்று எடுத்துவைத்திருக்கிறது. இப்போது அந்தத் தழும்பு இல்லை. பன்னிரண்டு நாள் காத்து வளர்த்த விரல், சட்டத்தின் கணக்கில் வேறு யாரோ ஒருத்தியின் விரல்.

தோல் முந்திக்கும் என்று சொன்னது அக்கா வாய்.

குருணை அவளைத் திட்டவில்லை. "பேனா வச்சிருக்கியாக்கா?" என்றாள்.

மூன்றாம் மாடி நடைபாதையில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்கள். பழைய எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் அக்கா நாலு எழுத்தை எழுதிக் காட்டினாள். குருணை அவற்றை எழுத்தாகப் பார்க்கவில்லை, கையசைவாகப் பார்த்தாள். "இது எத்தனை தட்டு?" என்று கேட்டாள். முதல் எழுத்து மூன்று தட்டு நேரம், இரண்டாவது ஐந்து, மூன்றாவது இரண்டு, கடைசி நாலு. ஒரு முறை கைக்குத் தாளம் பிடிபட்டதும், இருபத்தாறு வருடம் கொட்டைக்கு ஒரே அடி அடித்த கை, ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் வளைந்தது, ஒரே இடத்தில் நின்றது. அறுபது தரம் எழுதினாள். அறுபதும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பொருந்தும்.

பன்னிரண்டரை மணிக்கு ஆரம்பித்தது, நாலு மணிக்கு வந்துவிட்டது. மூன்றரை மணி நேரம். அக்கா ஒரு மாதம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கவுன்ட்டர் மூன்றரைக்கே மூடிவிடுவார்கள்.

மறுநாள் காலை திறந்தவுடன் மூன்று கையெழுத்தும் போட்டாள். கவுன்ட்டர்க்காரர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்கே" என்றார். எண்ணெய் வந்தது. அந்த மாதத்திலிருந்து முழுசு டப்பாவில் மறுபடி ஐந்து, ஆறு ஓடுதான் விழுகிறது. சொட்டுச் சொட்டாக அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வார்த்தைகள் திரும்பவில்லை. ம்மா இல்லை, போ இல்லை. அந்த ஐம்பது நிமிடம் எதைக் கொண்டுபோயிற்றோ அதை எந்தப் பட்டியலும் திருப்பித் தராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிள்ளை பார்க்கிறது. சில நாள் சிரிக்கிறது. யாரைப் பார்த்து என்று தெரியாது.

அன்று பதிவேட்டில், தகப்பன் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, 'பெற்றவர்' என்ற கட்டத்தில், பெருவிரலுக்கென்று வைத்திருந்த ரேகை இயந்திரத்துக்குப் பக்கத்தில், அக்கா பார்த்துக்கொண்டிருக்க, நாலு எழுத்தையும் நிறுத்தாமல் அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள்.

தேதி: 19.03.2014, புதன்கிழமை.